வாசிக்காமல் விட்ட மூன்றாவது வரி

மகனே,

நீ அனுப்பிய அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது. நல்ல கனமான காகிதம். முன்பக்கத்தில் என் பழைய படம். கழுத்து மூடிய ரவிக்கையும் காதில் சின்னத் தோடுமாக, அரசுத் தொலைக்காட்சியில் நான் செய்தி வாசித்துக்கொண்டிருந்த காலத்துப் படம். உள்ளே என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அரசாங்கத்தின் பொய்யை அரசாங்கத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்து உடைத்தவளாம் நான். அதற்குக் கீழே என் தம்பி, உன் மாமா குமரேசனின் படம், 'காட்டிக் கொடுத்தவர்களால் வீழ்ந்த போராளி' என்று ஒரு வரியோடு. கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறாய். மேடையில் எனக்கு மாலை போட்டு, அன்றைக்கு நான் பேசிய அந்த ஒரு நிமிடத்தைப் பெரிய திரையில் காட்டி, உன் மாமா பெயரில் எனக்கே விருது கொடுக்கப் போகிறாய். வருவாயா என்று நீ கேட்கவில்லை. கார் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

நான் உடனே போன் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு செய்திச் சானலை நடத்துகிறவனிடம் ரிட்டயர் ஆன தமிழ் டீச்சர் பேசி ஜெயிக்க முடியுமா? அதனால் எழுதுகிறேன். சர்க்கரை என் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது, எழுத்து மேலும் கீழுமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படி. பாசத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. அந்த அழைப்பிதழில் ஒரு பொய் இருக்கிறது. அச்சடித்தவன் நீ. உனக்கு அதைச் சோற்றோடு பிசைந்து ஊட்டியவள் நான். அந்தப் பொய்யோடு நீ மேடை ஏறப் போகிறாயா இல்லையா என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு முக்கியம். மற்றதெல்லாம் அதற்காகச் சொல்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சென்னையில் வாரத்துக்கு மூன்று நாள் நான் மாலைச் செய்தி வாசித்தேன். வாசிப்பது மட்டும் இல்லை, மாவட்டங்களிலிருந்து தந்தியிலும் போனிலும் வருவதைத் தமிழில் எழுதுவதும் என் வேலை. அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் குறிப்புகளைத் தனியாக ஒரு தாளில் தருவார்கள். அதில் ஒரு எழுத்தை மாற்றக் கூடாது. கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் நம் ஊரில் அப்போது பஞ்சாயத்து டிவி ஒன்றுதான். படம் பாதி நேரம் புள்ளியும் கோடுமாகத்தான் தெரியும், குரல் மட்டும் தெளிவாக வரும். நான் வாசிக்கும் நாளில் களத்து வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். செய்தி முடிந்ததும் என் அம்மா அந்த டிவிப் பெட்டிக்கே உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள். ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் ஒருவரும் அவளைத் தடுக்க மாட்டார்கள். மழை வரும் என்று நான் சொன்னால் நாற்று விடுவார்கள். மழை வராவிட்டால், மேலே எழுதிக் கொடுத்தவன் தப்பாக எழுதிவிட்டான் என்பார்கள். என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்த வருடங்களில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நம் பக்கத்தையே உலுக்கியது. நம் சாதிக்கு வேலையிலும் படிப்பிலும் இடம் கேட்டுச் சாலை மறியல். கேட்டது நியாயம்தான். பி.யூ.சி. படித்துவிட்டு மாடு பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தவன் உன் மாமா. அவனுடைய கோபத்தை இன்றைக்கும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் நின்றது, போலீஸ் வந்தது. மரங்களை இழுத்துப் போடப் போலீஸ்காரர்கள் காலனி ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கிக்கு முன்னால் யார் மாட்டேன் என்பார்கள்? இழுத்துப் போட்டார்கள், லாரி உள்ளே வந்தது. அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள நம் பிள்ளைகள் போலீசிடம் போகவில்லை, காலனிக்குப் போனார்கள். எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, பட்டப்பகலில், கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தார்களாம். ஒரு குடிசையில் ஒரு கைக்குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டிய கிழவி தண்ணீருக்குப் போயிருந்தாள். குழந்தையின் தாய் அஞ்சலை அந்த நேரத்தில் நம்முடைய கரும்பில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். தீ வைத்தவர்களில் உன் மாமாவும் ஒருவன். உனக்கு அப்போது ஒன்பது மாதம்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். பெரியப்பா மகன் கள்ளக்குறிச்சிக்கு சைக்கிளில் வந்து டிரங்கால் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னான். தீ வைத்தவர்கள் மலை ஏறிவிட்டார்கள், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு சாமைக் கொல்லையில் இருக்கிறார்கள், ஊர் முழுக்கப் போலீஸ் நிற்கிறது என்றான். அதற்கு மூன்றாம் நாள் மாலை எனக்கு ஒரு தாள் வந்தது. தென்னாற்காட்டில் அமைதி திரும்பிவிட்டது, போலீஸ் காவல் விலக்கிக்கொள்ளப்பட்டது, இனிக் கைது நடவடிக்கை இல்லை, ஊரை விட்டுப் போனவர்கள் அச்சமின்றித் தங்கள் வேலைக்குத் திரும்பலாம் என்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று காலைகூட ஊரில் போலீஸ் நின்றது எனக்குத் தெரியும். செய்தி ஆசிரியர் என் பக்கத்தில் வந்து, "அந்த வரிக்கு மட்டும் மூஞ்ச கொஞ்சம் மலர்ச்சியா வச்சிக்கோங்கம்மா" என்றார். வைத்துக்கொண்டேன். ஊரில் இதை யார் நம்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணால் போலீசைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் டிவியை நம்புவார்களா?

நம்பினார்கள் மகனே. அரசாங்கத்தைக் காலணாவுக்கு நம்பாத ஊர், என் வாயில் வந்ததால் நம்பியது. செய்தி முடிந்த கையோடு போலீஸ் லாரிகளும் ஊரை விட்டுக் கிளம்பிப் போய்விட்டன. போனவை மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் போய் நின்றது ஊருக்குத் தெரியாது. என் அம்மாதான் மலைக்கு ஆள் அனுப்பினாள். கேழ்வரகு வாங்கக் கீழே வந்திருந்த ஒரு மலைக்காரரிடம் அவள் சொல்லி அனுப்பிய வார்த்தையைப் பின்னால் என்னிடம் அவளே சொன்னாள்: "எம்பொண்ணே சொல்லிடுச்சி, பயம் இல்ல, எறங்கி வரச் சொல்லுங்க." விடியற்காலையில் இறங்கி வந்தார்கள். பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பீடி குடித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்களாம். கடைசித் திருப்பத்தில் பிடித்தார்கள். மற்றவர்களுக்குக் கை கால் போனது. உன் மாமா ஓடப் பார்த்தான். அவனைத் துரத்திப் பிடித்து, அவன் ஓடிய குற்றத்துக்கும் சேர்த்து அடித்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே செத்துப்போனான்.

மதியம் உன் அப்பாவின் ஆபீசுக்கு போன் வந்தது. அவர் வீட்டுக்கு ஓடி வந்தார். ஊருக்குக் கிளம்பு, நான் லீவு சொல்கிறேன் என்றார். நான் உனக்குப் பால் கொடுத்துவிட்டு, தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு, நிலையத்துக்குக் கிளம்பினேன். அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உடம்பு ஊரில் கிடக்கும்போது இவள் செய்தி வாசிக்கப் போகிறாளே என்று அவர் அசிங்கப்பட்டார். என் மனதில் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகவிட்டிருக்க மாட்டார். அரசு எழுத்தர் வேலை அவருடையது, வாடகை வீடு, கைக்குழந்தை. அவரைக் கேட்காமல் அவருடைய வாழ்க்கையையும் சேர்த்துத்தான் அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைய தாளில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி, மாநிலம் முழுவதும் அமைதி நிலவுகிறது. இரண்டாவது வரி, மலையடிவாரத்தில் போலீசைத் தாக்க முயன்ற கும்பலில் ஒருவர் பள்ளத்தில் தவறி விழுந்து இறந்தார். மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் வணக்கம் சொன்னேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன். நேற்று இதே இடத்தில் உட்கார்ந்து அமைதி திரும்பிவிட்டது என்று வாசித்தேன், அது பொய், பொய் என்று தெரிந்தே வாசித்தேன் என்றேன். என் வார்த்தையை நம்பி மலையிலிருந்து இறங்கி வந்தவர்களைப் போலீஸ் அடித்தது, செத்தவன் என் தம்பி, அவன் தவறி விழவில்லை என்றேன். இனி இந்தத் தாளை யாரும் நம்பாதீர்கள் என்றேன். படத்தை நிறுத்த வேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தாராம், அதனால்தான் அவ்வளவு பேச முடிந்தது. பிறகு பூப்படம் போட்டு வீணையை ஓடவிட்டார்கள். யார் வீட்டிலோ வீடியோவில் பதிந்துபோன அந்த நிமிடத்தைத்தான் நீ இப்போது திரையில் காட்டப் போகிறாய். உனக்குப் பிடித்த இடம் நான் தாளைக் கவிழ்க்கும் இடம். அதை வைத்து உன் சானலுக்கே விளம்பரம் செய்திருக்கிறாய்.

அந்தத் தாளின் மூன்றாவது வரி இது: காலனியில் குடிசைகள் கொளுத்தப்பட்டதில் கைக்குழந்தை ஒன்று தீயில் கருகி இறந்தது. அதற்கு முன்பு நான்கு நாளாக அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரி வரவில்லை. போலீஸ் அடித்து ஒருவன் செத்த பிறகு, செத்தவன் யோக்கியன் இல்லை என்று காட்ட அரசாங்கத்துக்கு அந்தக் குழந்தை தேவைப்பட்டது, அதனால் போட்டார்கள். அவர்கள் போட்ட காரணம் அயோக்கியத்தனம்தான். ஆனால் அந்தத் தாளில் இருந்த ஒரே உண்மை அது. நான் தாளைக் கவிழ்த்தபோது அதையும் சேர்த்துத்தான் கவிழ்த்தேன். கோபத்தில் மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம், நீயும் நம்புவாய். மறக்கவில்லை. கவிழ்ப்பதற்கு முன் அந்த வரியைப் படித்தேன். இதைச் சொன்னால் என் தம்பி கொலைகாரன் ஆகிவிடுவான், அவனுக்காக யாரும் அழ மாட்டார்கள் என்று யோசித்தேன். வணக்கம் சொல்வதற்கு முன்பு கிடைக்கும் அந்தச் சில நொடியில் நன்றாகவே யோசித்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு என் சதை மட்டும்தான் ஆடியது. குமரேசன் சாகாமல் இருந்திருந்தால் அடுத்த நாளும் மூஞ்சியை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு வாசித்திருப்பேன்.

என்னை வேலையிலிருந்து நீக்கக்கூட இல்லை. நான் நிரந்தரம் இல்லையே, கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். போலீஸ் இரண்டு முறை வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. உன் அப்பாவைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஏனென்றால் ஊரில் என்னைச் சாமியாக்கிவிட்டார்கள். உன் மாமாவின் கருமாதிக்கு நான் போய் இறங்கியபோது பஸ் நிற்கும் இடத்திலேயே மேளம். சாவு வீட்டுக்கு வந்தவளுக்கு மாலை போட்ட ஊர் அது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்து என் காலில் விழுந்தார்கள். தம்பியின் சாம்பல் ஆறுவதற்குள் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். என் அம்மா மட்டும் அந்த மாலையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கடைசி வரை அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இறங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பியது தன் வாய் என்று அவளுக்குத் தெரியும், அந்த வாய்க்கு வார்த்தை கொடுத்தவள் நான் என்றும் தெரியும்.

கருமாதி அன்று அஞ்சலை வந்தாள். காலனிக்காரர்கள் நம் தெருவுக்குள் வருவதில்லை, தெரு முனையில் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். என்னைச் சுற்றி நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சில் ஈரத்துணியைச் சுற்றியிருந்தாள். "டிவில நீங்க சொன்னா சனம் நம்புதும்மா," என்றாள். "எம்புள்ளைய பத்தியும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" நான் பதில் யோசிக்கவில்லை. சுற்றி நின்றவர்களின் கண் என் மேல் இருந்தது. "மலைல இருக்கறத போலீசுக்குக் காட்டிக் குடுத்ததே உங்க தெரு ஆளுங்கதான. இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு வந்து நிக்கற?" என்றேன். ஒருவரும் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்களை இறக்கிக் கொண்டுவந்தது என் குரல். டிவியில் அதை ஒப்புக்கொண்டு முழுதாகப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அஞ்சலை திரும்பிப் போனாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். டிவியில் நான் சொன்ன உண்மையால் ஒரு போலீஸ்காரனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலியோரம் நான் சொன்ன பொய்யை ஊர் அன்றைக்கே எடுத்துக்கொண்டது. உண்மைக்காக வேலையை விட்டவள் பொய்யா சொல்வாள்? அந்த வாரமே ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். காலனி ஆட்களை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, நம் கிணற்றுப் பக்கம் வரக் கூடாது. அறுவடைக்கு மலையிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். எரிந்த குடிசைக்குக் கூரை போட நம் கொல்லையில் கரும்புச் சோகை எடுக்க வந்தவனைக் கட்டிவைத்து அடித்தார்கள். பொங்கலுக்குள் பாதிக் காலனி காலி. செங்கல் சூளைக்குப் போனவர்கள், பெங்களூருக்கு மண் சுமக்கப் போனவர்கள் என்று சிதறிப் போனார்கள். கட்டுப்பாடு போட்ட பஞ்சாயத்தில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். குனிந்து என் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். காலனிக்காரர்கள் காட்டிக் கொடுத்தார்கள் என்று உனக்கு யார் சொன்னது என்றார். ஊரில் சொல்கிறார்கள் என்றேன். ஊருக்கு யார் சொன்னது என்றார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சாகிற வரை என் தட்டில் இருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டதில்லை, அதற்கு முன்பு தினமும் எடுப்பார். அவர் கோபக்காரர், என்னை மதிக்கவில்லை என்று நீ வெகு நாள் குறைபட்டுக்கொண்டாய். அவரைத் தப்பாக நினைக்காதே.

உனக்கு எட்டு வயது இருக்கும். நாம் கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்து, நான் தனியார் பள்ளியில் டீச்சர் ஆகியிருந்தேன். உன் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தண்ணீர் பாட்டிலை உன்னிடம் நீட்டினாள் என்று, அதைத் தட்டிவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தாய். நீங்கதான் எங்க மாமாவக் காட்டிக் குடுத்தவங்க என்று கத்தினாய். பள்ளியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தக் குழந்தை உதடு வீங்கி மூலையில் நின்றது. நம் ஊருக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வேறு எங்கேயோ சங்கராபுரம் பக்கத்துக் காலனிப் பிள்ளை. தலைமை ஆசிரியரிடம் இனிமேல் நடக்காது என்று சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் உனக்குப் பயம், வீட்டில் அடி விழும் என்று. நான் பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருந்த ஓட்டலுக்குள் கூட்டிப்போய் உனக்கு பூரி வாங்கிக் கொடுத்தேன். எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பில்தான் நீ இன்றைக்கு இருக்கும் ஆள் ஆனாய். அதற்குப் பிறகு எத்தனையோ திருக்குறள் சொல்லிக் கொடுத்தேன், ஒன்றும் உனக்கு ஒட்டவில்லை. பூரிதான் ஒட்டியது.

உன் சானலை நான் தினமும் பார்க்கிறேன். ஆளும் கட்சியைக் கிழிக்கிறாய், பார்ப்பவர்கள் கை தட்டுகிறார்கள். நம் பக்கத்தில் எவனாவது காதல் கல்யாணம் செய்துகொண்டவனை வெட்டினால் மட்டும் உன் செய்தியில் 'இரு தரப்பு மோதல்' என்று வருகிறது. ஒரு முறை கேட்டேன். எல்லா வீட்டிலும் சாத்தி வைக்க வேண்டிய கதவு ஒன்று இருக்கும்மா என்றாய். அரசாங்கத்தை எதிர்த்துப் பேசிவிட்டால் மீதியெல்லாம் மன்னிக்கப்படும் என்று நினைக்கிறாய். அது நான் உனக்கு விட்டுவிட்டுப் போகும் சொத்து. பெரியவர்களிடம் உண்மை பேசுவது அவ்வளவு கஷ்டம் இல்லை மகனே. கை தட்ட ஆள் இருப்பார்கள். சொந்தக்காரன் நடுவில் நின்று, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவதுதான் முடியாது. என்னால் முடியவில்லை.

போன மாதம் அஞ்சலையைத் தேடிப் போனேன். உன்னிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். உளுந்தூர்ப்பேட்டை பஸ் ஏறி, திருநாவலூர் பக்கம் ஒரு ஊரில் அவள் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். அந்தக் குழந்தைக்குப் பிறகு பிறந்த மகள். அஞ்சலை முருங்கை மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள், என்னைவிடக் கிழவியாக இருந்தாள். ஒரு பார்வையிலேயே என்னைத் தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் இருந்த மூன்றாவது வரியைச் சொன்னேன், வேலியோரம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். வாழ்நாளில் முதல் முறையாக அவளை நீங்க, வாங்க என்று கூப்பிட்டேன். அவள் என்னை முதல் முறையாக நீ என்றாள். "இத்த எதுக்கு என்கைல சொல்ற? நான் அங்கதான இருந்தேன். தெரியாதவங்க கைல போயி சொல்லு." அவ்வளவுதான். மகள் காப்பித் தண்ணி கொண்டுவந்தாள். அவங்க குடிக்க மாட்டாங்க, உள்ள எடுத்துக்கினு போ என்றாள் அஞ்சலை. நான் குடித்திருப்பேன். மன்னிப்பு கேட்டுவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்துப் போனேன், கல்லை இன்னும் ஒன்று ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அவள் சொன்னதைத்தான் இப்போது செய்கிறேன். தெரியாதவர்களில் முதல் ஆள் நீ. உன்னிடம் மட்டும் சொல்லி நிறுத்தினால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். மறுநாளே வருவாய், என் காலடியில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாய், வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கம்மா என்பாய், நான் கரைந்துவிடுவேன். அதனால் இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை ஒரு வாரப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன் விழாவுக்கு மறுநாள் வரும் இதழில் போடச் சம்மதித்துவிட்டார்கள். மண்டபத்தில் நீ எதைச் செய்தாலும் எல்லாம் தெரிந்துதான் செய்தாய் என்று மறுநாள் ஊருக்குத் தெரியும். பெற்ற பிள்ளைக்கு இப்படி வலை விரிப்பது கொடுமை என்பாய். கொடுமைதான். அஞ்சலைக்குச் செய்ததில் இது கால் பங்குகூட இல்லை.

காரை அனுப்பு, வருகிறேன். மாலை வேண்டாம். நம் ஆட்கள் நிறைந்த அந்த மண்டபத்தில், உன் மாமா படத்துக்குப் பக்கத்தில் நின்று, அவன் வைத்த தீயைப் பற்றியும் நான் சொன்ன பொய்யைப் பற்றியும் பேசப் போகிறேன். மேடை உன்னுடையது, மைக்கும் உன்னுடையது. நான் ஆரம்பித்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உன் மாமனார் வீட்டு ஆட்களும் கட்சிக்காரர்களும் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது நீ என்ன செய்வாய் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உன்னை வளர்த்தவள் நான். அதனால்தான் பயமாக இருக்கிறது.